எழுபது மீட்டரில் உடைந்த தட்டு

படகிலிருந்து கேபிளில் இறக்கும் கேமராச் சட்டம் கடல் தரையில் உட்கார்ந்ததும் புழுதி எழும்பும். திரை தெளிய அரை நிமிடமாவது ஆகும். அன்றைக்குத் தெளிந்தபோது சட்டத்தின் இடது கால் ஒரு பவளத்தின் மேல் நின்றது. மேல் என்பதுகூடச் சரியில்லை. பவளத்தைத் துளைத்துக்கொண்டு கால் கீழே இறங்கியிருந்தது. பழைய கூரை ஓடு அளவுக்குத்தான் அந்தத் தட்டின் கனம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு விரிசல் ஓடி, ஒரு துண்டு கழன்று சரிவில் வழுக்கிக்கொண்டு போனது. ஆழமானி 71 மீட்டர் காட்டியது. மேல்தளத்தில் யாரும் பேசவில்லை. கேபிளை இறக்கி ஏற்றும் விஞ்ச் பக்கம் நின்ற மூத்த படகோட்டி மட்டும், "எதை உடைச்சீங்க தம்பி?" என்று கேட்டார்.

ஆழமான பவளத்திட்டு ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்தது இப்படித்தான்.

அதற்கு முன் ஏழெட்டு வருடங்களாக முக்குளித்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எல்லை 40 மீட்டர். நாங்கள் பெரும்பாலும் 25, 30 மீட்டரிலேயே திரும்பிவிடுவோம். அங்கேயே நைட்ரஜன் மயக்கம் தலைகாட்ட ஆரம்பிக்கும், காற்றும் வேகமாகத் தீரும். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. 70 மீட்டரில் எட்டு மடங்கு. திரும்பும்போது ஒருமுறை கீழே பார்ப்பேன். சரிவு நீலத்துக்குள் இறங்கிப் போகும். பவளம் இத்தோடு முடிந்தது, இனி மணல்தான் என்று நினைத்துக்கொள்வேன். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. என் காற்று முடிகிற இடத்தில் பவளமும் முடிகிறது என்று நானே எல்லை போட்டுக்கொண்டேன். ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோரும் பல காலம் முக்குளிக்க முடிந்த ஆழத்தோடுதான் நின்றிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சுமார் 30 மீட்டரில் தொடங்கி 150 மீட்டர் வரை, சில இடங்களில் அதற்கும் கீழே, போகிற இந்தப் பகுதியை மெசோஃபோட்டிக் பவளத்திட்டு என்கிறார்கள். நடுத்தர ஒளி என்று பொருள். எனக்கு 'அந்திப் பவளம்' என்று சொல்லத்தான் பிடித்திருக்கிறது. நீரில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே போய்விடுகிறது, நீலம் மட்டும் ஆழம்வரை இறங்குகிறது. மிகத் தெளிவான கடலிலும் 100 மீட்டரில் மேற்பரப்பு ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டு, தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளின் உதவியோடு பவளம் பிழைக்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவில் லெப்டோசெரிஸ் என்ற வகைப் பவளத்தை 172 மீட்டர் ஆழத்தில், உள்ளே பாசியோடு, உயிரோடு எடுத்திருக்கிறார்கள்.

ஒளி இவ்வளவு குறைவாக இருந்தால் மேலே இருப்பதுபோலக் கிளை விட்டு வளர்வதில் லாபமில்லை. ஒன்றுக்கொன்று நிழல் விழாமல் தட்டையாகப் பரவ வேண்டும், எலும்புக்கூட்டுக்கு அதிகம் செலவழிக்கக் கூடாது. சரிவுகளில் அவை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். எங்கள் சட்டத்தின் கால் அத்தனை சுலபமாக இறங்கியதற்கும் இந்த மெலிவுதான் காரணம். மேலே அலையடிக்கும் இடத்தில் வளரும் உருண்டைப் பவளம் என்றால் ஒரு கீறலோடு போயிருக்கும்.

அன்றைய தவறுக்கான தீர்வு வெட்கப்படும் அளவுக்குச் சாதாரணமானது. சட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் நீளக் கயிற்றில் சிறிய ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தொய்வது திரையில் தெரியும், விஞ்சை நிறுத்திவிடலாம். சட்டம் தரையைத் தொடவே வேண்டாம். இந்த யோசனை எங்களில் படித்த யாருக்கும் வரவில்லை, கேள்வி கேட்ட அந்தப் படகோட்டிக்குத்தான் வந்தது. இப்படிக் கேபிளில் கேமரா இறக்கப்போகும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். படகு அலையில் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் கேமராவும் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடலில் கழிந்த நாட்கள் குறைவு. பெரும்பகுதி நேரம் போனது இருட்டறையில், திரையின் முன்னால். ஒரு மணி நேர வீடியோவை ஒழுங்காகக் குறிப்பெடுக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஆய்வின் முதல் பருவத்தில் நான் செய்த பிழைகளில் பல அங்கேதான் நடந்தன.

முதலாவது, நிறம். கேமராவின் வெள்ளை விளக்கு அருகிலிருக்கும் பவளத்தின் மேல் நேராக விழும்போது, பழுப்புத் தட்டுகளின் விளிம்பு பளிச்சென்று வெளுத்துத் தெரியும். வெப்பம் தாங்காமல் பவளம் தன் பாசியை இழந்து வெளுத்துப்போவதை 'வெளிறல்' என்பார்கள். நான் அந்த விளிம்புகளையெல்லாம் 'வெளிறல்' என்று குறித்துவிட்டேன். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். சரிபார்த்த அக்கா, குழுவில் பவளம் நன்றாகத் தெரிந்தவர், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விளக்கு அந்தப் பக்கம் திரும்பியதும் அதே பவளம் என்ன நிறத்தில் இருக்கிறது, பார்த்தாயா?" பார்க்கவில்லை. வளரும் விளிம்பு இயல்பாகவே வெளிறித்தான் இருக்கும், அங்கே பாசி இன்னும் நிறையவில்லை. அதற்குப் பிறகு சட்டத்தின் ஓரத்தில் ஒரு நிற அட்டையைக் கட்டிவைத்தோம். ஒரு படத்தில் அட்டையின் வெள்ளைக் கட்டமே வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தால், அந்தப் படத்தில் நிறத்தைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. அழகுக்காக நிறம் திருத்திய படத்தையும் மூலப்படத்தையும் தனித்தனிக் கோப்புறையில் வையுங்கள். எண்ணுவதற்கு எப்போதும் மூலம்தான்.

இரண்டாவது, அளவு. நீருக்கடியில் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்று முக்குளிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் திரையில் பார்க்கும்போது அந்த உணர்வே வருவதில்லை. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாகப் பொருத்திய இரண்டு லேசர் புள்ளிகள் இல்லையென்றால் ஒரு பவளம் கையளவா கூடையளவா என்று யாராலும் சொல்ல முடியாது. பச்சை லேசர் வாங்குங்கள். சிவப்பு அந்த நீரில் வெகுதூரம் போகாது.

மூன்றாவதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கேமராவின் கடிகாரமும் ஆழமானியின் கடிகாரமும் நான்கு நிமிடம் வேறுபட்டிருந்தன. சரிவில் நான்கு நிமிடம் நகர்ந்தால் 15, 20 மீட்டர் ஆழம் மாறிவிடும். ஒரு நாள் முழுக்க எடுத்த பதிவில் எந்தப் பவளம் எந்த ஆழத்தில் என்பதே குழம்பிப்போனது. 50 மீட்டரில் இருந்து 75 மீட்டருக்குள் உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதுதான் ஆய்வின் கேள்வியே. அந்த நாளை மொத்தமாகத் தூக்கிப்போட்டோம். இப்போது ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் ஆழமானியின் திரையையே கேமராவுக்குக் காட்டி ஐந்து விநாடி படம் எடுக்கிறேன். ஐந்து விநாடி வேலை.

சரி, பிழைகள் போதும். அங்கே என்னதான் இருக்கிறது?

கல்பவளம் மட்டும் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஆழம் கூடக்கூடத் தட்டுப் பவளங்கள் குறையும். கடல்விசிறிகள், பஞ்சுயிரிகள், கம்பிபோல நீண்ட கருப்புப் பவளங்கள், ஹாலிமெடா என்ற சுண்ணாம்புப் பாசியின் மெத்தைகள் இவையெல்லாம் கூடும். நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிரிகளை வடிகட்டிப் பிழைப்பவை பலவும் வெளிச்சத்தை நம்புவதில்லை. ஆனால் இதுவும் விதியில்லை. ஹவாயில் மௌயி தீவை ஒட்டிய ஆவ்ஆவ் நீரிணையில் லெப்டோசெரிஸ் தட்டுகள் தரையே தெரியாமல் பரந்துகிடக்கும் இடங்கள் உண்டு. தாஹித்தி அருகே 30 முதல் 65 மீட்டர் ஆழத்தில், ரோஜா இதழ் வடிவப் பவளங்களோடு, சுமார் 3 கிலோமீட்டர் நீளத் திட்டு ஒன்று இருப்பது 2022-ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இத்தனை பேர் முக்குளிக்கும் கடல் அது! இன்னும் கீழே, வெளிச்சமே இல்லாத இடத்தில் வளரும் குளிர்நீர்ப் பவளங்கள் வேறு கதை. நார்வே கடலில் 300, 400 மீட்டரில் கிடக்கும் ரோஸ்ட் திட்டு அந்த வகை. அவற்றுக்கு நுண்பாசியும் இல்லை, வெயிலும் வேண்டாம். இரண்டையும் 'ஆழ்கடல் பவளம்' என்று ஒரே பெயரில் சேர்த்து எழுதுவது எனக்கு எரிச்சல் தரும் விஷயம். ஒன்றுக்குப் பொருந்தும் பாதுகாப்பு மற்றதற்குப் பொருந்தாது.

மீன்களும் அப்படித்தான். ஹவாய் தீவுக்கூட்டத்தின் வடமேற்கில், குரே பவளத்தீவு அருகே 90 மீட்டரில் கிடைத்த ஒரு சிறிய மீனுக்கு 2016-ல் டோசனாய்டஸ் ஒபாமா என்று பெயர் வைத்தார்கள். ரிச்சர்ட் பைல் முதலானோர் ரீபிரீதரோடு இறங்கிக் கண்டுபிடித்தது. மூச்சுக்காற்றைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் கருவி அது. அதோடு போனாலும் 100 மீட்டரில் கால்மணி நேரம் இருந்துவிட்டு மேலே வரச் சில மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரத்தில் பெயரில்லாத மீனைப் பார்த்துவிடுகிறார்கள். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. பயிற்சிச் செலவையும் ஆபத்தையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஆழத்தைப் பற்றி வேலை செய்ய ஆழத்துக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை. ஆசைக்காகச் சாதாரணக் காற்றுக்குடுவையோடு 60 மீட்டருக்கு இறங்கிப் பார்க்க வேண்டாம். அந்த ஆழத்தில் மயக்கம் ஒரு பக்கம், காற்றிலுள்ள ஆக்சிஜனே அழுத்தத்தில் நஞ்சாகத் தொடங்குவது இன்னொரு பக்கம்.

பெயர்களைப் பற்றி ஒன்று. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சிற்றினப் பெயர் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. தட்டுப் பவளங்களை வீடியோவில் பார்த்துச் சிற்றினம் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். எலும்புக்கூட்டை நுண்ணோக்கியில் பார்த்தாலே தடுமாறுவார்கள். 'தட்டு வடிவக் கல்பவளம், பழுப்பு' என்று நேர்மையாக எழுதிவைத்தால் பத்து வருடம் கழித்தும் அந்தக் குறிப்பு உதவும். தவறான பெயர் எழுதிவைத்தால் அதை நம்பி இன்னொருவர் வரைபடம் போட்டுவிடுவார். பவளமே இல்லாத படங்களையும் எண்ணுங்கள். வெறும் மணல் என்ற குறிப்பை நான் முதல் பருவத்தில் பல இடங்களில் எழுதாமல் விட்டேன். பிறகு பார்க்கும்போது அங்கே ஒன்றும் இல்லையா, நான் பார்க்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் பருவத்தின் முடிவில் அறிக்கை எழுதினேன். கடைசிப் பத்தியில் மிகவும் பெருமையோடு ஒரு வாக்கியம்: "மேலுள்ள பவளங்கள் அழிந்தாலும் இந்த ஆழத் திட்டு புகலிடமாக இருந்து அவற்றை மீட்கும்." அக்கா அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் "யார் சொன்னது?" என்று எழுதியிருந்தார்.

நான் எங்கேயோ படித்தது அது. ஆழத்தில் வெப்பமும் புயலும் குறைவு, எனவே ஆழத் திட்டுகள் மேலுள்ளவற்றுக்கு அடைக்கலமாகவும் நாற்றங்காலாகவும் இருக்கும் என்று ஒரு கருத்து நெடுநாளாக உண்டு. கேட்க இனிமையானது. ஆனால் தேடிப் பார்த்தால் இடிக்கிறது. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆழத்திலும் மேலும் வாழும் சமூகங்கள் பெரும்பாலும் வெவ்வேறானவை என்றது. இரண்டு இடத்திலும் வாழும் இனங்கள் இருக்கின்றன, ஆனால் ஆழத்தில் மட்டுமே வாழ்பவை ஏராளம். கீழே இருப்பது மேலே இருப்பதன் நகல் இல்லையென்றால், நாற்று எங்கிருந்து வரும்? 2016-ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளிறியபோது, 40 மீட்டரிலும் வெளிறல் இருந்தது. மேலே இருந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

என்னை உண்மையில் அசைத்தது 2019-ல் இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் நடந்தது. அங்கே 90 மீட்டர் ஆழம்வரை பவளங்கள் வெளிறின. மேலே இருந்த பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை! கடலில் மேலுள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழுள்ள குளிர்ந்த நீருக்கும் நடுவே வெப்பநிலை சட்டென்று மாறும் ஓர் அடுக்கு உண்டு. அந்த வருடம் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வு, அதாவது கடலின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் எதிரெதிராக மாறுவது, பலமாக இருந்ததால் அந்த அடுக்கு கீழே தள்ளப்பட்டது. வழக்கமாக 22 டிகிரியில் வாழும் பவளங்களை 29 டிகிரி நீர் சூழ்ந்தது. மேற்பரப்பு வெப்பநிலை பெரிதாக மாறவேயில்லை. அதாவது, செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருந்தது, அதன் கணக்கில் எல்லாம் நலம். அடுத்த வருடங்களில் அவற்றில் பெரும்பகுதி தேறியது என்பது நல்ல சேதி.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே எங்கள் குழுவில் கேட்டேன்: நம் 70 மீட்டர் சரிவின் வெப்பநிலை நமக்குத் தெரியுமா? தெரியாது. நாங்களும் மேற்பரப்பு எண்ணைத்தான் அறிக்கையில் போட்டிருந்தோம். விரல் நீள வெப்பமானிப் பதிவுக் கருவிகள் கிடைக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து மாதக்கணக்கில் சேமிக்கும். 40, 60, 80 மீட்டரில் ஒவ்வொன்றாக ஒரே கயிற்றில் கட்டி, கீழே எடையும் நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மிதவையும் வைத்து நிறுத்தினோம். எடையைப் பவளத்தின்மேல் அல்லாமல் மணலில். உடைத்த அனுபவம் இருக்கிறதே. ஆழத்தைக் கண்காணிக்க ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் கேமராவுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

வெப்பம் நம் கையில் முழுதாக இல்லை. கையில் இருப்பவை வேறு சில. நான் எண்ணிய படங்களில் மனிதனின் தடயம் இருந்தவற்றில் பெரும்பாலானவை தூண்டில் நரம்பு, கிழிந்த வலை, கயிறு. கடல்விசிறியைச் சுற்றிக்கொண்ட நரம்பு நீரோட்டத்தில் அறுத்துக்கொண்டே இருக்கும். திசு போன இடத்தில் பாசி ஏறும். உலகம் முழுக்க 84 திட்டுகளில் நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 77 இடங்களில் குப்பை இருந்தது, ஆழம் கூடக்கூட அது கூடியது, பெரும்பங்கு மீன்பிடிச் சாதனம். மேலே கிடப்பதை முக்குளிப்பவர்கள் பொறுக்கிவிடுவார்கள், அலையும் அடித்துக்கொண்டு போகும். கீழே விழுந்தது கீழேயே கிடக்கும். எடுக்கலாமா என்றால், பவளம் அதன்மேல் வளர்ந்துவிட்டிருந்தால் இழுக்காதீர்கள். ஆர்.ஓ.வி. எனப்படும், மேலிருந்து இயக்கும் நீர்மூழ்கி ரோபோவின் கையால் ஒரு நரம்பை இழுத்து ஒரு கருப்புப் பவளத்தையே வேரோடு சாய்த்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வகைகளில் சில எவ்வளவு மெதுவாக வளரும் என்றால், ஹவாய் அருகே ஆழ்கடலில் எடுத்த ஒன்றின் வயது 4,200 ஆண்டுகளுக்கு மேல் என்று 2009-ல் கணித்தார்கள்.

மீன்பிடிப்பவர்களிடம் இதைப் பேசப்போனபோது பயந்துகொண்டேதான் போனேன். குற்றம் சாட்ட வந்தவன் என்று நினைப்பார்கள் என்று. நடந்தது வேறு. நாங்கள் ஒலியால் ஆழம் அளக்கும் ஒலிமானி வைத்து வாரக்கணக்கில் தேடிய மேடுகளை அவர்கள் ஒரு மாலையில் வரைந்து கொடுத்தார்கள். எங்கே வலை மாட்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வலை மாட்டினால் அவர்களுக்கும் நஷ்டம்தான். "அங்கே போடாதீங்கன்னு சொல்றதைவிட எங்கே போடலாம்னு சொல்லுங்க" என்றார் ஒருவர். அதன் பிறகு நாங்கள் தயாரித்த வரைபடத்தில் பவள மேடுகளோடு, நங்கூரம் போடத் தோதான மணல் திட்டுகளையும் குறித்தோம். அந்த இரண்டாவது வகைக் குறியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பெரிய கப்பலின் நங்கூரச் சங்கிலி, கப்பல் காற்றில் திரும்பும்போதெல்லாம் தரையை வாரிக்கொண்டு வட்டமடிக்கும். எங்கள் சட்டத்தின் கால் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

எல்லைகளும் ஆழத்தைக் கருதிப் போடப்படுவதில்லை. ஃப்ளோரிடாவின் கிழக்கே 70 முதல் 100 மீட்டரில் ஒக்குலினா என்ற கிளைப் பவளம் கட்டிய மேடுகளில் ஒரு பகுதிக்கு 1984-லேயே இழுவலைத் தடை வந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற மேடுகள் பல சல்லிக்குவியலாகிவிட்டன. மெக்சிகோ வளைகுடாவின் ஃப்ளவர் கார்டன் பேங்க்ஸ் சரணாலயம், நேர்மாறாக, ஆழ வாழிடங்களையும் சேர்த்து 2021-ல் மூன்று மேடுகளிலிருந்து 17 ஆக விரிந்தது. உங்கள் கடலில் ஒரு பாதுகாப்புப் பகுதி இருந்தால், அதன் கோட்டை ஆழ வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன். எங்கள் சரிவு 35 மீட்டரோடு கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அந்த ஒரு படம், என் நாற்பது பக்க அறிக்கையைவிட அதிகம் பேசியது.

இன்னொரு எச்சரிக்கை: கருப்புப் பவளம் இருக்கும் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். நகைக்காக எடுப்பவர்களும் வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள். கருப்புப் பவளங்களும் கல்பவளங்களும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஆய்வுக்கென்றாலும், ஒரு துண்டை நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதி வேண்டும்.

போன பருவத்தில் அந்த உடைந்த தட்டைத் தேடிப் போனோம். விளிம்பு ஆறியிருக்கிறதா, சரிந்த துண்டு எங்கேயாவது ஒட்டிப் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க ஆசை. பழைய குறிப்பேட்டில் இடம் எழுதியிருந்தேன். இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அந்தப் படகோட்டி குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது படகு நின்ன இடம் தம்பி. கேமரா எங்கே நின்னுச்சு?" என்றார். கேபிளின் நீளம் எழுதவில்லை, நீரோட்டத்தின் திசையும் எழுதவில்லை. 71 மீட்டரில் கேமரா படகுக்கு நேர் கீழே நிற்கும் என்று எழுதும்போது நினைத்திருக்கிறேன்.

அன்றைய பதிவில் மூன்று இறக்கங்கள், கேபிள் நீளம், நீரோட்டத் திசை, ஆழம் எல்லாம் எழுதி, கண்டவை என்ற கட்டத்தில் 'தேடிய தட்டு இல்லை' என்று குறித்தேன். அவர் ஈயக்குண்டைக் கழற்றித் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.